உச்சியில் ஒரு செய்தித்தாள்

"மலையிறக்கத்துல கை தானா பிரேக்கைப் பிடிக்குது, டெர்சிலியோ. என்ன செய்ய?"

அன்றைய பந்தயம் கிளம்புமுன் இப்படிக் கேட்டவன் ஒரேஸ்தே. இத்தாலியைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயத்தில் பலமுறை ஜெயித்தவன். ஊர் ஊராக அவன் பேரைச் சாலையில் சுண்ணாம்பால் எழுதி வைத்திருந்தார்கள்.

டெர்சிலியோ ஒரு காலத்தில் அவனுக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்து கூடவே ஓட்டியவன். இன்றைக்கு அந்த அணிக்கே பயிற்சியாளன். ஒரேஸ்தே குருவென்று மதித்தது அவன் ஒருவனைத்தான். வாய்திறந்து மட்டும் சொன்னதில்லை.

"எதுக்குப் பயம்? எலும்புக்கா?"

"எலும்பு ஒட்டிக்கும். பேருக்குத்தான் பயம். லிவியோப் பயல் வாலைப் பிடிச்ச மாதிரி வர்றான். இன்னைக்கு அவன்கிட்டத் தோத்தா, இத்தனை வருஷம் சேர்த்த பேர் போச்சு."

"அவ்வளவு பெரிய பேரா?"

"கிண்டல் பண்ணாதே. இந்தப் பேரை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது? அதைச் சொல்லு."

"மேல ஏறி வா, சொல்றேன்."

டெர்சிலியோ காரில் முன்னே போய்விட்டான்.

ஏறுவதில் ஒரேஸ்தேயை அடிக்க ஆளில்லை. உச்சிக்கு முதலில் வந்தவன் அவன்தான். உடம்பெல்லாம் வேர்வை. அந்தப் பக்கமோ பனிக்காற்று. அப்படியே இறங்கினால் நெஞ்சு விறைத்துப்போகும். அதனால் உச்சியில் நிற்கிற சனங்கள் செய்தித்தாளை நீட்டுவார்கள். ஓட்டுகிறவர்கள் வாங்கிப் பனியனுக்குள் செருகிக்கொண்டு பறப்பார்கள். அங்கே அதுதான் வழக்கம்.

டெர்சிலியோ ஒரு தாளை நீட்டினான்.

வாங்கிய ஒரேஸ்தே காலை ஊன்றி நின்றேவிட்டான். முதல் பக்கம் முழுக்க அவன் படம். மேலே கொட்டை எழுத்தில் அவன் பேர்.

பதவிசாக நாலாய் மடித்துப் பனியனின் முதுகுப் பையில் வைத்தான். மறுபடி கையை நீட்டினான்.

"வேற தாள் கொடு."

"ஏன், அதுக்கென்ன?"

"கசங்கிடும்ல!"

அதற்குள் லிவியோ வந்தான். யாரோ நீட்டிய தாளைப் பறித்தான். என்ன தாளென்று பார்க்கக்கூட இல்லை. பனியனுக்குள் திணித்தான். வளைவில் மறைந்தான்.

"வேற தாள், டெர்சிலியோ! போயிட்டான் பாரு!" ஒரேஸ்தேவுக்குப் பல் தந்தியடித்தது.

டெர்சிலியோ அவன் முதுகுப் பையில் கைவிட்டுத் தாளை உருவினான். படத்தையும் பேரையும் சேர்த்துக் கசக்கினான். பனியனுக்குள் விட்டு நெஞ்சோடு அழுத்தினான்.

"இப்பக் குளிருதா?"

ஒரேஸ்தே அவனையே பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தபடியே இறக்கத்தில் பாய்ந்தான்.

அந்தச் சிரிப்பு மேலே வந்து சேர்வதற்குள் ஆள் மூன்றாவது வளைவில் இருந்தான்.