முதல் கரண்டிப் பாயசம்

முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டைக் கீர்த்திமாறர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நினைத்தால் யானையைப் பரிசாகத் தருவார். நினைத்தால் கொடுத்த யானையைத் திரும்பக் கேட்பார். ஆனாலும் அறுவடை விருந்தன்று குடிமக்களோடு ஒரே பந்தியில் உட்காருவார். வெள்ளிக் கரண்டியில் அவர் முதல் வாய்ப் பாயசம் அருந்திய பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள்.

இரண்டு வருடமாக அரசர் பந்திக்கு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். காரணம் அமைச்சர் குழைக்காதருக்குத் தெரியும். ஓலையில் முத்திரை வைக்கும்போது அரசரின் கை நடுங்குவதை அவர் பார்த்துவிட்டார். அதை வாய்விட்டுச் சொன்ன வைத்தியரை அரசர் நாடு கடத்தியிருந்தார்.

இளவயதில் பாசறையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. குழைக்காதர் அசந்த நேரம் பார்த்து அவருடைய அப்பளத்தை எடுத்துக் கடித்துவிட்டுச் சிரிப்பார் கீர்த்திமாறர். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று குழைக்காதர் ஏங்கினார். இது அரசரைப் பற்றிய கவலையா, தன் இளமையைப் பற்றிய ஏக்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

கடைசியில் தன் கைதான் நடுங்குகிறது என்று ஊரறியச் சொல்லிவிட்டு, பாத்திரம் வார்க்கும் கன்னாரிடம் விதவிதமாகக் கரண்டிகள் செய்யச் சொன்னார். ஆனால் நடுங்காத கையால் அவற்றை எப்படிச் சோதிப்பது? தினமும் காலையில் நீட்டிய கைகளில் நீர்க்குடங்களை ஏந்தி, தோள் விட்டுப்போகும்வரை நின்றார். பிறகு அந்தக் கையால் ரசத்தை அள்ளினார். நீளக் காம்புக் கரண்டி வேட்டியை நனைத்தது. தட்டைக் கரண்டி தாடியை நனைத்தது. பிடி பருத்து, குழி ஆழ்ந்து, விளிம்பு உள்பக்கம் மடிந்த எட்டாவது கரண்டியில்தான் ரசம் வாய்வரை வந்தது.

அதை ஒரு கிண்ணம் ரசத்தோடு அவைக்குக் கொண்டுவந்தார். அமைச்சர் பதவிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த மடைப்பள்ளி அதிகாரி மாசிலாமணியார் அதை வாங்கி, ஒரு வாய் ரசம் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது கரண்டியா, உலக்கையா? தன் வாய்க்கே ஊட்டிக்கொள்ள முடியாதவர் வீட்டில் இருக்கலாமே, அமைச்சரே. முத்திரையை வேறு கை பிடிக்கட்டும்."

அரசரின் முகம் கறுத்தது. கரண்டி உதவாது என்று தெரிந்தால் குழைக்காதர் இன்றே அமைச்சர் முத்திரையை ஒப்படைத்துவிட வேண்டும் என்றார்.

குழைக்காதர் வணங்கினார். "நடுங்காத கை சொன்ன தீர்ப்பு இது, அரசே. உச்சிக்கால மணி அடிக்கும்வரை அதிகாரி இரண்டு குடங்களை ஏந்தி நிற்கட்டும். அப்புறம் சொல்லட்டும்."

இது ஒரு பெரிய காரியமா என்று மீசையை முறுக்கிவிட்டுக் குடங்களை வாங்கினார் மாசிலாமணியார். மணி அடித்தது. வழக்கமான கரண்டியில் அவர் அள்ளிய ரசம் பட்டு அங்கவஸ்திரத்தில் இறங்கியது. அவை சிரித்தது. எட்டாவது கரண்டியைக் கொடுத்தார்கள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பசியில் இன்னொரு வாயும் அள்ளிக் குடித்தார்.

அரசர் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து அந்தக் கரண்டியை வாங்கி ரசத்தை அள்ளினார். எல்லோரும் பார்க்க அவர் கை நடுங்கியது, ரசம் சிந்தவில்லை.

"குழைக்காதா, உன் கை எப்போது முதல் நடுங்குகிறது?"

"குடம் தூக்கிய நாள் முதல், அரசே. நீங்கள் பந்தியில் உட்கார்ந்ததும் நின்றுவிடும்."

அன்றே வைத்தியரைத் திரும்ப அழைத்துவரப் பல்லக்குப் போனது. கை நடுங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கரண்டி கொடுக்கக் கன்னாருக்கு உத்தரவு போனது.

நாலாம் நாள் அறுவடை விருந்து. மாசிலாமணியார், அரசர் இட்ட கட்டளைப்படி, தோள்வலியோடு பாயசம் பரிமாறினார். அரசர் முதல் வாய் அருந்தினார். பந்தி சாப்பிடத் தொடங்கியது. குழைக்காதர் குனிந்து பார்த்தபோது இலையில் அப்பளத்தைக் காணோம். பக்கத்து இலைவரை வழியெல்லாம் அப்பளத் துணுக்குகள் சிந்திக் கிடந்தன.