மணல்மேட்டில் ஒரு சடங்கு

கேள்வி கேட்பதில் மானிடவியல் பேராசிரியர் திருஞானத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. மணல்குடி மீனவர்களை ஆராய வந்தவர், வந்த நாள் முதல் ஒரே கேள்வியில் நின்றார். அந்த ஊரில் எந்த வீட்டில் சோறு போட்டாலும், ஆளில்லாத தட்டு ஒன்று கூடவே இருக்கும். அது யாருக்கு? கேட்டால் எல்லாரும் கடலைப் பார்த்தார்களே தவிர, வாய் திறக்கவில்லை.

கடைசியில் தனக்குச் சமைத்துப் போடும் பிரகாசியாளிடம் பாய்ந்தார்.

"உங்க சடங்குக்கு உங்களுக்கே அர்த்தம் தெரியல. நாளைக்குள்ள சொல்லு. இல்லேன்னா கடல் தெய்வத்துக்குப் படையல்னு எழுதிடுவேன். சமையலுக்கும் வேற ஆள் பாத்துக்குவேன்."

பிரகாசியாள் அசரவில்லை. "சொல்லுதேன் ஐயா. மொதல்ல உங்க சடங்குக்கு நீங்க அர்த்தம் சொல்லுங்க. தெனமும் சாயங்காலம் மணல்மேட்டுல ஏறி, போனை வானத்துக்குத் தூக்கிக் காட்டுதிய. பெறவு தலையத் தொங்கப் போட்டுட்டு எறங்குதிய. அது எந்தச் சாமிக்கு?"

பேராசிரியர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"சாமியெல்லாம் இல்லம்மா. அங்கதான் சிக்னல் கிடைக்குது. கோவிச்சுட்டுப் போன மக, என்னைக்காவது கூப்பிட மாட்டாளான்னு..."

"எம்மவன் கப்பல் வேலைக்குப் போயி ஏழு வருசம் ஆச்சு. அவங்கிட்டருந்து கடைசியா போன் வந்து நாலு வருசம்."

பேராசிரியர் நோட்டைத் திறந்து, 'படையல்' என்று எழுதியிருந்ததை அடித்தார்.

பிரகாசியாள் அவருக்குத் தட்டு வைத்தாள். எதிரில் இன்னொரு தட்டும் வைத்தாள்.

"மக பேரென்ன ஐயா?"