டேங்க் மூடி

சுந்தராபுரத்தில் கார்களை டியூன் செய்து வேகம் கூட்டித் தரும் பட்டறை வைத்திருப்பவள் பெனிட்டா. அவளிடம் தொழில் கற்க வந்த மாசிலாமணிக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூடுதல். மில்லிலிருந்து ஓய்வு பெற்றவர். "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். வேண்டாமென்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவர் கற்க வந்ததே ஒரு காருக்காகத்தான். மகன் நிர்மலின் கார். அதை டியூன் செய்து கொடுத்தவளும் பெனிட்டாதான். பெட்ரோலில் எத்தனாலைக் கூடுதலாகக் கலந்து ஊற்றினால் பாயும். நிர்மல் மஞ்சள் காமாலை முற்றி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அவன் டேங்க்கை நிரப்பியிருந்தான். மாசிலாமணி வண்டியை ஓட்டி அதைத் தீர்க்கவில்லை. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, அந்தச் சத்தத்தை ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார்.

இந்த மாதம் ஸ்டார்ட் ஆகவில்லை. கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்து வந்துவிட்டார்.

பெனிட்டா டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து, கண்ணாடி பாட்டிலை ஜன்னலில் வைத்தாள். சற்று நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே மஞ்சள். கீழே கலங்கல்.

"கீழ இருக்கறது என்னங்க டீச்சர்?"

"தண்ணிங்கண்ணா. எத்தனாலும் அதோட சேந்து எறங்கிருச்சு. பம்ப்பு இதத்தான் உறிஞ்சியிருக்குது."

"தண்ணி எப்படிங்க வந்துச்சு? ஷெட்டுக்குள்ளதான நிக்குது. ஒரு சொட்டு மழை பட்டதில்லீங்க."

"எத்தனாலு காத்துல இருக்கற ஈரத்தையே இழுத்துக்கும். மூடியத் தெறந்தீங்களா?"

மாசிலாமணி கையைத் துணியில் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"தெனமுங்க," என்றார். "அவன் சட்டையில அந்த வாசம்தான் அடிக்கும். ஒருதடவ மோந்துட்டு மூடிருவேன்."

பெனிட்டா பம்ப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். துரு பிடித்திருந்தது. ரப்பர் குழாய் ஊதிப்போய், அழுத்தினால் விரல் பதிந்தது.

"எஞ்சினு தப்பிக்குமுங்களா?"

"இன்னைக்கே காலி பண்ணுனா தப்பிக்கும். இன்னொரு மழைக்காலம் இப்படியே நின்னா, அந்தச் சத்தம் அப்புறம் இல்லீங்கண்ணா."

அவள் காலிக் கேனைக் கொண்டுவந்து காருக்கு அடியில் வைத்தாள். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"அவன் கையால ஊத்துனதுங்க."

"தெரியுமுங்க."

"இதக் கொட்டிட்டா, அவன் ஓட்டுன வண்டின்னு இதுல என்னங்க இருக்கு?"

பெனிட்டா குனிந்து கேனின் மூடியைத் திருகித் திறந்தாள்.

"நிர்மல் இங்க வந்தப்ப ஒருநாளும் டேங்க்குல சொட்டு மிச்சம் இருந்ததில்லீங்கண்ணா," என்றாள். "தெருமுக்குலயே நின்னு போயிரும். அங்கிருந்து சிரிச்சுக்கிட்டே தள்ளிக்கிட்டு வருவான்."