கினிக்கோழிக்குக் கிடைக்காத முக்காடு

அந்தக் காலத்தில், பறவைகளும் நம்மைப்போலப் பேசித் திரிந்தபோது, செங்குளத்தில் ஒரே ஒரு கன்னியர் மடம்தான் இருந்தது. அங்கே வளர்ந்த கினிக்கோழிக்கு உடம்பெல்லாம் ஒரே சாம்பல் நிறம், புள்ளி கிடையாது. தலை நிறையக் கருத்த இறகு. குரலும் இனிமையானது. அதற்கு ஒரே ஆசை, தானும் சிஸ்டராகி முக்காடு போட வேண்டும்.

அதைக் கேட்டு மடத்துத் தலைவி மதர் பெனடிக்டா சிரிக்கவில்லை. "ஒரு வருசம் வாயைத் திறக்காம இரு. அப்புறம் தர்றேன்" என்றார்.

நாட்டுக்கோழிகள்தான் சிரித்தன. "ஒரு முட்டை போட்டாலே ஊரைக் கூட்டுறவங்க நாம. இவளாவது, மௌனமாவது."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதெல்லாம் வெளியேதான், மடத்துக்குள் கதை வேறு. பூனை வாலைக் கவ்வியபோதுகூடக் கினிக்கோழி வாய் திறக்கவில்லை, பாவம். வருசம் முடிய ஒரு நாள் இருந்தது. முக்காடு போடுமுன் முடி வெட்டுவது வழக்கம் என்பதால், சிஸ்டர் தெயோபிலா அதன் தலை இறகை ஒட்டக் கத்தரித்துவிட்டு, பூசைக்கு அப்பம் சுட மாவறைக்குப் போனார். கோழியும் பின்னாலேயே போனது.

அங்கே யாரும் பேசக் கூடாது. திறந்திருந்த மாவு மூட்டைக்குள் ஒரு விரியன் சுருண்டு கிடந்ததைக் கோழி பார்த்துவிட்டது. இறக்கையை அடித்தது, சிஸ்டரின் அங்கியைப் பிடித்து இழுத்தது. அவரோ உதட்டில் விரலை வைத்து அதை அடக்கிவிட்டு, மூட்டைக்குள் கையை விடப் போனார்.

கோழி அலறிவிட்டது.

ஒரு வருசம் அடைத்து வைத்த குரல் கிழிந்துபோய் வந்தது. சிஸ்டர் துள்ளி விலக, மூட்டை சாய்ந்து மாவு கோழியின்மேல் சிதறியது. பாம்பு சன்னல் வழியே ஓடிவிட்டது.

"அது சைகை காட்டியும் நான்தான் மதர் கவனிக்கல. என் உசிரே அது போட்ட பிச்சை" என்று அழுதார் தெயோபிலா.

மதர் மடத்து ஒழுங்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "ஒழுங்கை மாத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா. முக்காடு தர முடியாது." பிறகு கோழியின் பக்கம் குனிந்தார். "உள்ளே நாங்க பேசாம இருக்கோம். வாசல்ல எங்களுக்காக நீ பேசு."

சரி என்று சொல்லத்தான் கோழி வாயைத் திறந்தது. அலறல்தான் வந்தது. மாவும் தட்டத் தட்டப் போகவில்லை.

பின்னால் ஊரில் பள்ளிக்கூட மடமும் ஆஸ்பத்திரி மடமும் எழும்பியபோது, மணி கட்டுவதற்கு முன்பே அதன் குஞ்சுகள் அங்கே குடிபோயின.

அன்று முதல்தான் கினிக்கோழிக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, கிழிந்த குரல், மொட்டைத் தலை. அன்று முதல்தான் செங்குளத்து மடங்களில் புதிதாக முக்காடு வாங்கும் பெண், பெற்றவர்களைப் பார்க்கும் முன்னே கோழிக்கூட்டுக்குப் போய், முக்காட்டை ஒரு நிமிடம் கழற்றி வைத்துவிட்டு, வெறுந்தலையோடு குனிந்து இரை போடுகிறாள்.