குழாயைப் பிடித்த கை

வயரிங் தொழிலில் மெட்டில்டா குரு, பேச்சிமுத்து சீடர். குருவுக்கு முப்பத்திநாலு, சீடருக்கு ஐம்பத்தெட்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனபிறகு தொழில் கற்க வந்த மனுஷன். ஊர் சிரித்தது. சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்.

அவருக்கு மனக்குறை ஒன்றுதான். எந்த வேலையை முடித்தாலும் அவள் வந்து திறந்து பார்ப்பாள்.

பால்வாடியின் வெளிச்சுவரில் தண்ணீர் மோட்டாருக்குப் பிளாஸ்டிக் பெட்டி மாட்டியிருந்தார். மழை தாங்குவதற்கென்றே செய்த பெட்டி. சுவிட்சை உள்தகட்டில் முடுக்கி, தகட்டைப் பெட்டிக்குள் பொருத்தவேண்டும். தகட்டின் ஓட்டை சுவிட்சுக்குச் சேரவில்லை. தொலையட்டும் என்று தகட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, பெட்டியின் முதுகையே துளைத்து, சுவிட்சைச் சுவரோடு முடுக்கிவிட்டார். அப்புறம் விடிய விடிய மழை.

காலையில் மெட்டில்டா வந்தாள். பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"என் வேலையை எப்பதான் நம்புவீங்க, மாஸ்டர்?"

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். நூற்றுக்கு நூறு என்றார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேங்கிய தண்ணீரில் இறங்கினாள். மோட்டாரின் இரும்புக் குழாயை ஈரக்கையால் பிடித்தாள்.

"மெயினைப் போடுங்க, அண்ணாச்சி."

கதவோரம் மெயின். அதில் கை வைத்தவர், போடாமல் அவளைத் திரும்பிப் பார்த்தார். தகடு பைக்குள் கிடப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வாசலில் பிள்ளைகள் அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கத் தம்ளரோடு நின்றன.

"போடுங்க."

"கையை எடுங்க மாஸ்டர்."

அவள் எடுக்கவில்லை. பேச்சிமுத்து ஓடிவந்து அவள் கையைக் குழாயிலிருந்து இழுத்துவிட்டார். தானே பெட்டியைத் திறந்தார். துளைத்த ஓட்டை வழியே சுவர்த்தண்ணீர் இறங்கி, உள்ளே வயர் இணைப்பு நனைந்து கிடந்தது. கொல்லப் பார்த்தேனே பாவி என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மெட்டில்டா இடுப்புப் பையிலிருந்து மெயினின் ஃபியூஸ் கட்டையை எடுத்துக் காட்டினாள். வந்தவுடனே உருவி வைத்திருக்கிறாள்; மெயினைப் போட்டிருந்தாலும் கரண்ட் வந்திருக்காது. அவருக்கு உயிர் வந்தது, கோபமும் வந்தது.

"அப்போ ஏன் என்னை இப்படிப் பயமுறுத்தினீங்க?"

"நேத்து நீங்க பயப்படலையே, அண்ணாச்சி. இந்தக் குழாயை யார் பிடிக்கப் போறாங்கன்னு நேத்தே உங்களுக்குத் தெரியுமே."