பெருச்சாளிக் கடையில் ஐம்பது வெள்ளரிப்பிஞ்சு

இந்தக் கதை எனக்குச் செவிவழியாக வந்தது. சொன்னவர் கழுதை என்றாரா, கோவேறு கழுதை என்றாரா என்பது மட்டும் சரியாக நினைவில்லை. கழுதை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஓடைக்கரைக் காட்டில் ஒரு பெருச்சாளி வெள்ளரிப்பிஞ்சுக் கடை வைத்திருந்தது. தினம் பத்துப் பேர் வருவார்கள். ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள். அக்கரையிலிருந்து சரக்குக் கொண்டுவருவது கழுதை. நேற்று எத்தனை விற்றதோ, இன்று அத்தனை கொண்டுவரும். அதற்கு மேல் யோசிக்காது.

ஒரு நாள் காலை முயல் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"அண்ணே, வெள்ளம் வரப்போகுதாம்! கழுதை இனிமே ஓடையைத் தாண்டாதாம்! எனக்குப் பத்து குடுங்க!"

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க!"

அதைக் கேட்டு மானும் குரங்கும் பன்றியும் முண்டியடித்தன. கடையில் இருந்த பத்தும் தீர்ந்தது. பின்னறையில் இருந்த நாற்பதும் தீர்ந்தது. பெருச்சாளிக்கு ஒரே பூரிப்பு!

சாயங்காலம் ஆமை வந்து சேர்ந்தது.

"ஒண்ணே ஒண்ணு போதும், அண்ணே."

"தீர்ந்துபோச்சே, அக்கா!"

"நான் நேத்தே கிளம்பினவளாச்சே!"

ஆமை பட்டினியாகக் கடை வாசலிலேயே படுத்துக்கொண்டது.

மறுநாள் கழுதை ஐம்பது பிஞ்சுகளை இறக்கியது. ஆமை ஒன்று வாங்கியது. வேறு யாரும் வரவில்லை. வீட்டில் குவித்து வைத்திருப்பவர்கள் ஏன் வருவார்கள்?

அதற்கடுத்த நாள் கழுதை ஒன்றே ஒன்று கொண்டுவந்தது.

"என்னப்பா இது?"

"நேத்து ஒண்ணுதானே வித்துச்சு?"

பெருச்சாளிக்குத் தலை சுற்றியது. அன்று ஆள் இருந்தது, சரக்கு இல்லை. இன்று சரக்கு இருக்கிறது, ஆள் இல்லை. வியாபாரம் நன்றாக நடந்ததா, கெட்டதா? இந்தக் கடை போனால் அதற்கு வேறு பிழைப்பும் கிடையாது.

வாசலிலேயே தங்கிவிட்ட ஆமை மட்டும் தினம் ஒன்று வாங்கியது. நாலு நாளில் கடையில் கிடந்தவை அழுகின. வீடுகளில் குவித்தவையும் அழுகின. முயல் முதல் ஆளாக வந்தது. பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். அன்றும் வந்திருந்தது ஒரே ஒரு பிஞ்சு. அதையும் ஆமை கடித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு ஐம்பது கொண்டா!" என்று கழுதையைப் பார்த்துக் கத்தினார்கள்.

"வித்தது ஒண்ணுதானே?" என்று விழித்தது கழுதை.

"பத்து!" என்று பெருச்சாளி அலறியது. "பத்தே பத்து! ஆளுக்கு ஒண்ணு. சம்மதமில்லேன்னா நான் கடையைச் சாத்திட்டுப் போறேன்!"

அன்று ஆமையைத் தவிர எல்லோரும் பசியோடு படுத்தார்கள். மறுநாள் கழுதை பத்து கொண்டுவந்தது; முயலும் ஒரே ஒரு பிஞ்சு மட்டும் வாங்கிப் போனது.

பிறகு விசாரித்துப் பார்த்தேன்: அந்த வருஷம் ஓடையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவே இல்லையாம். பயந்து பதுக்கினால் கடையும் கெடும், பதுக்கியவர் வயிறும் காயும்.