எதிர்மலை வெயில்

"மலை அச்சு அசலா இருக்கு. ஆனா இந்த மலைக்கு வெயிலே வராதா?"

கோத்தகிரியில் நடந்த சின்ன ஓவியக் கண்காட்சியில் ஒரு பெண் தன் தோழியிடம் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். தூணுக்குப் பின்னால் நின்றிருந்த ஆசீர்வாதத்தை அவள் பார்க்கவில்லை. படம் அவருடையது.

அவருக்கு அறுபத்தாறு வயது. நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு வருஷம் மலை மலையாக அளந்து வரைபடம் போட்டவர். மனைவி எஸ்தர் இறந்த பிறகு, தன்னில் பாதி வயதுகூட ஆகாத ஜமீலாவிடம் நீர்வண்ணம் கற்க வந்தார். அவளை அவர் டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம். மாலை நாலரை மணிக்கு எதிர்மலையின் இடுப்பில் ஒரு வெயில் விழும். பத்து நிமிஷம் இருக்கும். எஸ்தர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வந்து பாருங்களேன் என்று தினமும் கூப்பிடுவாள். இதோ வருகிறேன் என்பார். அவள் இருந்தவரை ஒருநாளும் போனதில்லை. இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு ஓசூருக்கு, மகளிடம் போகிறார். அதற்குள் அந்த வெயில் தாளில் வந்துவிட வேண்டும்.

மறுநாள் படத்தைத் தூக்கிக்கொண்டு ஜமீலாவிடம் போனார். காதில் விழுந்ததைச் சொன்னார்.

அவள் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மடிப்பு, ஓடை, தேயிலை வரிசை, ஒன்றுகூட விடுபடவில்லை. மலையின் இடுப்பில் மட்டும் வெள்ளை அப்பியிருந்தது, சுண்ணாம்பு அடித்த மாதிரி.

"வெயிலை எப்ப வெச்சீங்க, சார்?"

"கடைசியா. எல்லாம் முடிச்ச பிறகு."

"அதுவரைக்கும் அங்க என்ன இருந்தது?"

"பச்சை. தாளை அப்படியே விடக் கூடாதில்லையா? எங்க ஆபீஸ்ல ஒரு விரக்கடை வெறுமையா இருந்தாலும் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிடுவாங்க. அளக்கப் போகலைன்னு அர்த்தம்."

ஜமீலா சிரித்துவிட்டாள். ஒரு துண்டுத் தாளை எடுத்து, சாம்பல் நீலத்தில் மலையின் மேல்பக்கத்தைத் தீட்டினாள். பிறகு அடிப்பக்கத்தை. நடுவில் ஒரு பட்டையைத் தொடவே இல்லை. தள்ளி வைத்துப் பார்த்தபோது அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அதேபோல் அவரும் மூன்று நாள் முயன்றார். ஒவ்வொரு முறையும் கை தானாகப் போய் அந்தப் பட்டையை நிரப்பியது. நாலாம் நாள் வகுப்புக்கு வரவில்லை. எனக்கு இது வராது டீச்சர், சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டேன் என்று போனில் சொன்னார்.

அன்று மாலை ஜமீலா முதல்முறையாக அவர் வீட்டுக்குப் போனாள்.

முன்னறை ஜன்னலோரம் இரண்டு பிரம்பு நாற்காலிகள். ஒன்று அவர் உட்கார்ந்து உட்கார்ந்து தொய்ந்திருந்தது. மற்றதில் கைப்பிடிக்கு மேல் வரைபடச் சுருள்கள், பழைய பேப்பர், உச்சியில் ஓர் இஸ்திரிப் பெட்டி. இப்போது அடுக்கியவை அல்ல. தூசி படிந்திருந்தது.

உட்காரச் சொல்லித் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அது யாரோடது, சார்?"

"எஸ்தர் உட்கார்றது. சும்மா கிடந்தா பார்க்க முடியல. அதான்," என்றார்.

ஜமீலா உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பலகையில் ஒட்டி ஜன்னலில் சாய்த்து வைத்தாள்.

"நாலரைக்கு இன்னும் கால் மணி இருக்கு."

"அந்த இடத்துல கை நிக்க மாட்டேங்குது, டீச்சர். வெறுமையா விட்டா என்னவோ போயிட்ட மாதிரி இருக்கு."

"போனதுதானே, சார்," என்றாள் ஜமீலா. "வெயில் அங்கதான் விழுது."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

ஆசீர்வாதம் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார். பேப்பர்களை இறக்கினார். வரைபடச் சுருள்களை ஒவ்வொன்றாகச் சுவரோரம் சாய்த்தார். துண்டால் நாற்காலியைத் துடைத்து, மலையைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.

தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மலையின் மேல்பக்கத்தைத் தீட்டினார். அடிப்பக்கத்தைத் தீட்டினார். தூரிகையைக் கழுவி வைத்தார்.